அட்டையில் ஆயில் பெயிண்ட்: லாட்ரெக்கின் பச்சை முகத்தை வரைந்து பழகுவோம்

பாரிஸில் மூலான் ரூஜ் என்ற நடன அரங்கம் 1889-இல் திறந்தது. அங்கே ஆடியவர்களையும் குடித்தவர்களையும் விடாமல் வரைந்தவர் ஆன்றி தெ துலூஸ்-லாட்ரெக் (1864–1901). அவருடைய 'மூலான் ரூஜில்' (1892–95) இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பச்சை முகம் நம்மை நோக்கி வருகிறது: நடனக்காரி மே மில்டன். கீழிருந்து அடிக்கும் விளக்குதான் அந்தப் பச்சைக்குக் காரணம்.

அந்த ஓவியம் கேன்வாஸில் வரைந்தது. ஆனால் லாட்ரெக் பல ஓவியங்களை வெறும் அட்டையில், டர்பன்டைனில் கரைத்த ஆயில் பெயிண்டால் வரைந்தார். புதிதாகப் பழகுபவருக்கு அந்த முறையே நல்லது. செலவு குறைவு, சீக்கிரம் காயும். அந்த முறையில் இந்த ஒரு முகத்தை மட்டும் வரைவோம்.

1. அட்டை. 30 × 40 செ.மீ. பழுப்பு அட்டை, 2 மி.மீ. தடிமன். ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, பெயிண்ட் பிடிக்காது.

2. எண்ணெய் இறக்குதல். இதைத் தவிர்க்கவே கூடாது. டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, விரிடியன் (பச்சை), அல்ட்ரா மரைன் (நீலம்), அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு) ஆகியவற்றை மையொற்றும் தாளில் பிதுக்கி 2 மணி நேரம் விடுங்கள். எண்ணெய் தாளில் இறங்கிவிடும். இல்லையென்றால் அட்டையில் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் மஞ்சள் கறை படரும். இரவு முழுக்க விட்டால் எண்ணெய் அதிகமாக வற்றி, காய்ந்த பெயிண்ட் சுண்ணாம்புபோல் உதிரும்.

3. கோடு. அல்ட்ரா மரைன் ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. 4-ஆம் எண் பிரஷ்ஷால் நேரடியாக வரையுங்கள், பென்சில் வேண்டாம். தவறிய கோட்டைத் துடைக்காமல் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். துடைத்தால் நீலம் அட்டை முழுக்க ஊறும்.

4. ஒளி. வெள்ளை 4, லெமன் யெல்லோ 1, விரிடியன் அரைப் பங்கு. இதில் சம அளவு டர்பன்டைன். விரிடியனுக்குப் பதில் தாலோ கிரீன் வாங்கியிருந்தால் ஊசிமுனை அளவே போதும், அது மற்ற நிறங்களை விழுங்கிவிடும். பழக்கத்தில் கை நெற்றியின் மேலேயும் மூக்கு மேட்டிலும் ஒளியை வைக்கும். இங்கே அது தலைகீழ்: மோவாயின் அடி, நாசியின் கீழ்ப்புறம், மேல் இமை, புருவத்தின் அடி. நெற்றி மேலே போகப் போக நீலப் பச்சையாக மங்க வேண்டும். இதில் தவறினால் பச்சை பூசிய சாதாரண முகம்தான் கிடைக்கும்.

5. இடைநிறம், அதாவது ஒளிக்கும் நிழலுக்கும் நடுவில் வரும் நிறம். அதற்குப் பெயிண்ட் தேவையில்லை, அட்டையின் பழுப்பே போதும். கன்னத்தில் கால்வாசி இடத்தையாவது தொடாமல் விடுங்கள். பெயிண்ட் வைக்கும் இடங்களில் அடுத்தடுத்து நீளக் கோடுகள் இழுங்கள், குழைக்க வேண்டாம்.

6. உதடு. கிரிம்சனை மறுநாள் வையுங்கள். அன்றே வைத்தால் டர்பன்டைன் கீழிருக்கும் பச்சையைக் கரைத்துச் சேறாக்கும்.

வார்னிஷ் அடிக்காதீர்கள். தொடாமல் விட்ட அட்டை இருண்டுபோகும், பளபளப்பில்லாத பரப்பும் கெடும். கண்ணாடிச் சட்டம் போதும். வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.