இருவாச்சி கூடு உள்ள மரத்தடியில் நிற்காதீர்கள்: மழைக்காட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கடந்த மார்ச்சில் அங்கே ஒரு சோலையின் ஓரத்தில், கோவையிலிருந்து வந்திருந்த நான்கு இளைஞர்கள் பெரிய மரம் ஒன்றைச் சூழ்ந்து நின்று, கைபேசியில் இருவாச்சி என்னும் பெரிய அலகுப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு மரத்தடியில் நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளாஸ்டிக் வீசாதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்பதெல்லாம் சோதனைச்சாவடிப் பலகையிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடந்துகொண்டே இருப்பது

மழைக்காடு பொள்ளாச்சித் தென்னந்தோப்பு அல்ல, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிவதற்கு. உயிர்களில் பெரும்பகுதி தலைக்கு மேலே, இலைக்கூரையில் இருக்கிறது. ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதலில் காதுக்குத்தான் காடு தெரியும்: மலபார் அணில் கிளை தாவும் சலசலப்பு, சோலைமந்தி வெடிப்பலாவின் முள்தோலைக் கிழித்துக் கீழே போடும் சத்தம். கண் அதற்குப் பின்னால்தான் போகும்.

அட்டை

பிடித்து இழுக்காதீர்கள். நகத்தை அடியில் நுழைத்துத் தள்ளுங்கள். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் சற்று நேரம் கசியும். பயம் வேண்டாம்.

கூட்டு மரத்தடியில் நிற்பது

இதை மட்டும் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இருவாச்சிக்கு மரத்தில் பொந்து குடையத் தெரியாது. தானாக உண்டான பொந்து வேண்டும். அது பெரிய, வயதான மரத்தில்தான் கிடைக்கும். 1890களில் தொடங்கி காப்பிக்கும் தேயிலைக்கும் என்று வால்பாறைக் காடு வெட்டப்பட்ட பிறகு, அப்படிப்பட்ட மரங்கள் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய துண்டுச் சோலைகளில் ஒன்றிரண்டாக நிற்கின்றன. கிடைத்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வருகிறது ஒரு ஜோடி. பெண் உள்ளே போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளே இருக்கும்போதே அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்துவிடுகின்றன. மூன்று மாதங்களுக்கும் மேலாக அதற்கும், பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவருவதுதான் சோறு.

20 ஆண்டுகளுக்கு முன் அன்று நான் கேமராவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ஆண் வந்தது. தொண்டை நிறைய அத்திப்பழம். மூன்று மரம் தள்ளி உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எனக்கோ நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சி. அந்த வழியாக வந்த காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், “தம்பி, நீங்கள் இங்கே இருக்கும்வரை அது கிட்ட வராது. உள்ளே இரண்டு உயிர் பசியோடு இருக்கிறது” என்றார். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

ஒருவர் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு வேளை உணவு போகிறது. கூடு எங்கே என்று படத்தோடு இடத்தையும் பகிர்ந்துவிட்டால், மறுநாள் பத்துப் பேர் வருவார்கள். பொந்து கைவிடப்பட்டால் அந்த ஆண்டின் ஒரே குஞ்சும் இல்லை. நம் பள்ளி விடுமுறை தொடங்கும் ஏப்ரலில் பல கூடுகளில் குஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பதால் எனக்குக் கோபம் கூடுதலாகவே வருகிறது. ஆண் பழத்தோடு தள்ளி உட்கார்ந்து உங்களையே பார்க்கிறது என்றால், நீங்கள் நிற்கும் இடம் தவறு. உடனே விலகுங்கள். அந்த மரம் எங்கே இருக்கிறது என்று நண்பருக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

பளிச்சென்ற சட்டை

வேண்டாம்.

மாலையில் தேயிலைப் பாதை

இருட்டும் முன் அறைக்குத் திரும்பிவிடுங்கள். காட்டுமாடு, யானை, சிறுத்தை மூன்றும் அதே பாதையில்தான் நடக்கின்றன.

பழுத்த அத்தியைத் தாண்டிப் போவது

இருவாச்சியைப் பார்க்க வேண்டுமா? கூட்டைத் தேடாதீர்கள், பழுத்த அத்தியைத் தேடுங்கள். அடியில் பழம் சிதறிக் கிடந்தால் அது தெரிந்துவிடும். எட்டத்தில் போய் உட்காருங்கள். பச்சைப்புறா, மலபார் அணில், சோலைமந்தி என்று ஒவ்வொன்றாக வரும்.

அந்த நான்கு இளைஞர்களையும் அப்படி ஒரு மரத்துக்குத்தான் அழைத்துப் போனேன். வழி முழுக்க முகம் சுளித்தபடி வந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நீராவி ரயில் மூச்சு விடுவது போல இறக்கையோசை கேட்டது. மஞ்சள் அலகுக்காரன் அத்தியில் இறங்கினான். பழம் பழமாக விழுங்கிக்கொண்டு, நாங்கள் விட்டு வந்த மரத்தின் பக்கமாகப் பறந்தான்.