ஓ வகையா, பி வகையா: நிறமாலையைக் கண்ணால் படிப்பது எப்படி

விண்மீன்களில் மிகச் சூடானவை ஓ வகை, அடுத்தவை பி வகை. ஒவ்வொரு வகைக்குள்ளும் எண் குறையக் குறையச் சூடு கூடும். சூடான விண்மீனின் நிறத்தை வைத்து இந்த வகையைச் சொல்ல முயலாதீர்கள். 30,000 கெல்வின் விண்மீனும் 40,000 கெல்வின் விண்மீனும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய ஒரே நீலம்தான். இரண்டுமே தங்கள் ஒளியின் பெரும்பகுதியைப் புற ஊதாவில் கொட்டுகின்றன. போதாக்குறைக்கு, வழியில் கிடக்கும் தூசு அந்த நீலத்தையும் சிவக்க அடித்துவிடும். தூசால் கெடுக்க முடியாதது நிறமாலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கோடுகளின் வலிமை விகிதம். நம் வேலை முழுக்க அதில்தான்.

4000 முதல் 4900 ஆங்ஸ்ட்ராம் வரை, பிரிதிறன் (அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 2500 அளவில் ஒரு நிறமாலை இருந்தால் போதும். கோடுகளுக்கு நான் சொல்லும் எண்களெல்லாம் ஆங்ஸ்ட்ராமில் அவற்றின் அலைநீளம். முதலில் பின்னணி ஒளியை 1 என்ற மட்டத்துக்குச் சமன்படுத்துங்கள். 4430-ஐச் சுற்றி அகலமான ஒரு பள்ளம் தெரியும். அது விண்மீனுடையது அல்ல, விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் மேகங்களுடையது. சமன்படுத்தும்போது அங்கே புள்ளி வைத்தால் பக்கத்திலுள்ள 4471 வரை கோணல் பரவும். அப்புறம், ஒப்பிடப் போகும், வகை ஏற்கெனவே தெரிந்த மாதிரி விண்மீன்களின் நிறமாலைகளையும் இதே பிரிதிறனுக்கு மங்கவையுங்கள். நான் இன்னமும் இரண்டையும் ஒரே அளவில் தாளில் அச்சடித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துத்தான் பார்க்கிறேன். மென்பொருள் என்ன வகை சொல்கிறது என்பதைக் கடைசியில்தான் திறப்பேன். முன்பே தெரிந்துவிட்டால் கண் அதற்கு ஆமாம் போட ஆரம்பித்துவிடும்.

இப்போது 4541-ஐப் பாருங்கள். அயனியான ஹீலியத்தின் கோடு தெளிவாக இருந்தால் அது ஓ வகை. அடுத்து 4471, அதாவது நடுநிலை ஹீலியம். இரண்டும் சம ஆழமென்றால் ஓ7. 15 மோனோசெராட்டிஸை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். 4541 மிஞ்சினால் ஓ6, ஓ5 என்று சூடான பக்கம் போகிறோம். 4471 மிஞ்சினால் ஓ8, ஓ9 பக்கம். ஓ8-ஐத் தாண்டியதும் 4471 மிக வலுத்துவிடுவதால் நுணுக்கம் போய்விடும். அங்கே அடக்கமான கோடுகளுக்கு மாறுங்கள்: நடுநிலை ஹீலியத்தின் 4387-ஐ 4541-உடனும், 4144-ஐ அயனியான ஹீலியத்தின் 4200-உடனும் ஒப்பிட வேண்டும். இவை சமமாகும் இடம் ஓ9. 10 லாசெர்ட்டே அதற்கு நல்ல மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். 4541-க்குப் பதினொரு ஆங்ஸ்ட்ராம் தள்ளி, 4552-இல் இரண்டு எலக்ட்ரான் இழந்த சிலிக்கானின் கோடு எட்டிப் பார்க்கும். இரண்டும் சமமாக நின்றால் ஓ9.7. சிலிக்கான் முந்தினால் பி வகைக்குள் வந்துவிட்டோம். அங்கிருந்து சிலிக்கானே வழிகாட்டி. மூன்று எலக்ட்ரான் இழந்த சிலிக்கானின் 4089, பி0-இல் 4552-ஐவிட வலுவாக இருக்கும், பி0.7 அருகே சமம். பி1-இல் 4552 கை ஓங்கிவிடும். பி2-இல் நடுநிலை ஹீலியம் உச்சம் தொட்டு இறங்கும். பி8 அருகே 4471-உம் மக்னீசியத்தின் 4481-உம் சமமாகும்.

மறுமுனையில், 4471 கிட்டத்தட்ட மறைந்துவிட்டால் ஹீலியம் உதவாது. நைட்ரஜனின் உமிழ்கோடுகளைப் பிடியுங்கள்: 4058-உம் 4640-ஐ ஒட்டிய மூன்றும். 4058 சிறியதானால் ஓ4, சமமானால் ஓ3.5, பெரியதானால் ஓ3, மிகப் பெரியதானால் ஓ2. இந்த ஓ2 என்ற வகையே 2002-இல்தான் வந்தது.

வகை சூட்டைச் சொல்லும்; விண்மீன் எவ்வளவு ஒளிர்கிறது என்று சொல்லும் ஒளிர்வு வகுப்புக்கு, அயனியான ஹீலியத்தின் 4686. ஆழமான உறிஞ்சல் என்றால் ஐந்தாம் வகுப்பு, அதாவது முதன்மைத் தொடர். மேலெழுந்து உமிழ்வாகிவிட்டால் முதல் வகுப்பு, அதாவது மீப்பெரு விண்மீன். ஜீட்டா பப்பிஸ் என்ற ஓ வகை மீப்பெரு விண்மீனில் 4640-உம் 4686-உம் சேர்ந்து புடைத்து நிற்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஓ9, பி0 பக்கம் மட்டும் சிலிக்கானின் 4089-ஐ ஹீலியத்தின் 4026-உடன் ஒப்பிடுவது நல்லது. சிலிக்கான் வலுக்க வலுக்க ஒளிர்வு கூடும். அல்நிலம் பி0 மீப்பெரு விண்மீன். ஏறக்குறைய அதே வகையில் ஐந்தாம் வகுப்பான டௌ ஸ்கார்ப்பியையோடு அடுக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

ஏமாற்றும் சங்கதிகளும் உண்டு. விண்மீன் ஒளிமேகத்துக்குள் இருந்தால் மேகத்தின் உமிழ்வு 4471-ஐ நிரப்பிவிடும். உள்ளதைவிடச் சூடானதாகத் தோன்றும். நிறமாலை 4900-ஐத் தாண்டி நீண்டிருந்து, ஆக்சிஜனின் 5007 உமிழ்வு தெரிந்தாலே உஷாராகுங்கள். வேகமாகச் சுழலும் விண்மீனில் கோடுகள் அகன்று ஆழம் குறையும். அப்போது ஆழத்தைவிடப் பரப்பை ஒப்பிடுவதே பாதுகாப்பு. வகைக்குப் பின்னால் ‘n’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் இரட்டை விண்மீன். ஓ4-உம் ஓ9-உம் கலந்தால், இல்லாத ஓர் ஓ6 கிடைக்கும்! 4471-உம் 4541-உம் வெவ்வேறு திசைவேகம் காட்டினாலோ, ஓ5 போன்ற ஒன்றில் 4552 தலைகாட்டினாலோ, வகையை எழுதாமல் வேறொரு நாளின் நிறமாலை வரும்வரை காத்திருங்கள். அதுவும் தெளிவில்லையென்றால் வகைக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி (:) போட்டுவிடுங்கள். சந்தேகம் உண்டு என்பதற்கு அதுதான் இத்துறையின் குறி.