பழைய லேப்டாப்பில் ஓஎஸ் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி வந்து "அக்கா, இதை ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்று கேட்கும் எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். ஃபார்மட் அடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி ஒரு கவரில் போட்டு வையுங்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கி, ஓஎஸ்ஸை (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி லேப்டாப்பை இயக்கும் மென்பொருள்) அதில் போடுங்கள்.

காரணம் இரண்டு. பத்து வருஷம் தாண்டிய லேப்டாப் ஆமை மாதிரி நகர்வதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணமே இல்லை, டிஸ்க்தான். சுழலும் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் ஒரு மில்லி செகண்டில் சிறு பங்குகூட ஆகாது. இரண்டாவது, பழைய டிஸ்க் தொடப்படாமல் இருந்தால் எது தப்பாகப் போனாலும் அதைத் திரும்பச் செருகி, வாங்கிய நிலைக்கே வந்துவிடலாம். முதல் தடவை ஓஎஸ் போடுகிறவருக்கு இந்தத் தைரியம் ரொம்ப முக்கியம்.

திண்டுக்கல்லில் நான் டிடிபி வேலை செய்கிறேன். காலேஜ் சேரும் பிள்ளைகளுக்கு இப்படி லேப்டாப் தயார் செய்து கொடுப்பதும் உண்டு. கடைசியாகச் செய்தது என் அண்ணன் மகளுக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி430. 2012 மாடல், மூன்றாம் தலைமுறை ஐ5. கம்பெனிகள் கழித்துவிடும் சரக்கில் இந்த மாதிரி நிறைய வரும். கீபோர்டும் உடம்பும் இன்னும் உறுதியாக இருக்கும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்து, லோகோ வந்ததும் எஃப்1 தட்டி பயாஸுக்குள் (ஓஎஸ் வரும் முன்னே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். (டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10.) பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போர்டில் ஒரு தனிச் சில்லில் பதிந்திருக்கும். சிமோஸ் பேட்டரியை (போர்டில் இருக்கும் காசு வடிவச் சின்ன பேட்டரி) கழற்றி மாட்டினால் போய்விடும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், போகாது. உள்ளே போக முடிந்தால் செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் என்று இருக்கிறதா பாருங்கள். திருட்டுப் போன லேப்டாப்பைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்க கம்பெனிகள் வைக்கும் ஏற்பாடு அது. இன்னும் ஆக்டிவாக இருந்தால், அந்த லேப்டாப் முறையாகக் கழிக்கப்பட்டதா என்று கேட்டு, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த ஓஎஸ்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழ் ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் ஒரு மாணவி தினமும் நம்பி உட்காரும் மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது. கிராக் போட்ட விண்டோஸ் அதைவிட மோசம். அந்த கிராக்கோடு சேர்ந்து வேறு என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் போடுவது லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ், அதிலும் பழைய மெஷினுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ராமில் ஓடும், 8 இருந்தால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் திணறாது.

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். சுமார் 3 ஜிபி. கூடவே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை மாதிரி) ஃபைலை ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் 7-ஜிப் செயலி இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தாலே அந்த எண் வரும். பாதியில் அறுந்த டவுன்லோட் இன்ஸ்டாலேஷன் நடுவில்தான் காலை வாரும். அப்புறம் 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற செயலி கொண்டு எழுதுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

டிஸ்க் மாற்றுவது டி430-இல் மிகச் சுலபம். சார்ஜரையும் பேட்டரியையும் முதலில் எடுத்துவிடுங்கள். ஓரமாக ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடியை எடுத்ததும் டிஸ்க்கின் நாடா நுனி தெரியும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டை இருக்கும். அதைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட மறக்காதீர்கள். பட்டை இல்லாமல் செருகினால் எஸ்எஸ்டி உள்ளே ஆடும், கனெக்டரில் சரியாக உட்காராது. வாங்க வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி தாராளம்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்து, எஃப்12 தட்டினால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். (எச்பியில் எஃப்9.) பென்டிரைவ் பட்டியலில் வரவே இல்லையென்றால் பயாஸில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய் யூஇஎஃப்ஐ, லெகஸி என்ற இரண்டு பூட் முறைகளையும் அனுமதியுங்கள்.

திரையில் மின்ட் வந்ததும் இன்ஸ்டால் ஐகானில் கை வைக்காதீர்கள். இப்போது ஓடுவது பென்டிரைவிலிருந்து. லேப்டாப்பைச் சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நோட்பேட் மாதிரி ஒன்றைத் திறந்து எல்லாக் கீகளையும் அடித்துப் பாருங்கள். பாட்டு போட்டு ஸ்பீக்கரையும் ஹெட்ஃபோன் துளையையும் பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா? பவர் மேனேஜரில் பேட்டரி முதலில் தாங்கியது எவ்வளவு, இப்போது தாங்குவது எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். பாதிக்குக் கீழ் இருந்தால் புது பேட்டரிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

வைஃபை வரவில்லையா? பிராட்காம் சிப் வைத்த லேப்டாப்களில் இது வழக்கம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்வது) ஆன் செய்யுங்கள், உடனே நெட் கிடைக்கும். இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் சரியான டிரைவரை அதுவே காட்டும். நெட் இருந்தும் பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று மறித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் கிடந்தால் சிமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 தான், ஆனால் திங்க்பேடுக்குக் கம்பியோடு வருவதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் சரியென்றால் இன்ஸ்டால். மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையானவை) டப்பாவில் டிக் போடுங்கள். டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கும் இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்கும். உங்களுக்கு நடுங்க வேண்டியதில்லை, உள்ளே இருப்பது வெறும் எஸ்எஸ்டி. நேர மண்டலம் கொல்கத்தா. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு அப்டேட் எல்லாம் போட்டு, டைம்ஷிஃப்ட் என்ற செயலியில் ஒரு ஸ்னாப்ஷாட் (பின்னால் தகராறு வந்தால் இந்த நிலைக்கே திரும்ப உதவும் நகல்) எடுத்து வையுங்கள்.

தமிழ் டைப்பிங் இல்லாமல் நான் லேப்டாப்பைக் கொடுத்தனுப்புவதில்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற டைப்பிங் கருவியைத் தேடி நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப வந்ததும், ஐபஸ் அமைப்பில் தமிழ்99 கீபோர்டு முறையைச் சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் அடித்தே பழகியவர்களுக்கு ஃபோனெட்டிக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் தமிழ்99 தான் கற்றுக்கொடுக்கிறேன். உயிர் இடது கையிலும் மெய் வலது கையிலும் விழுவதால் வேகம் தானாக வரும். வீட்டில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் இருந்தால், அந்த ஃபான்ட் ஃபைலை ஹோம் ஃபோல்டருக்குள் டாட் ஃபான்ட்ஸ் (.fonts) என்ற ஃபோல்டரில் போடுங்கள். லிப்ரே ஆபிஸில் ஒழுங்காகத் திறக்கும்.

கவரில் வைத்த டிஸ்க்? ஒரு மாதம் கழித்து, புது ஓஎஸ்ஸில் குறையில்லை என்று தெரிந்ததும், அதை யூஎஸ்பி கேஸில் போட்டு மாட்டுங்கள். முன்பு வைத்திருந்தவரின் படங்களும் கடிதங்களும் அதில் இருக்கலாம். திறந்து பார்க்காதீர்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பது) ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பென்டிங் செக்டார் (சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) இரண்டும் சைபராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஃபார்மட் டிஸ்க்கில் முழுவதும் சைபரால் எழுதி அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். 500 ஜிபி டிஸ்க்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும், சார்ஜரை மாட்டி ராத்திரி ஓட விடுங்கள். இரண்டு எண்ணும் சைபர் என்றால் அந்த டிஸ்க் பேக்கப்புக்கு ஆகும். ஒன்று ஏறியிருந்தாலும், அழித்த கையோடு பழைய எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.