எல்பிடபிள்யூவைக் கடைசியில் சொல்லுங்கள்: வெளிநாட்டு விருந்தாளிக்குக் கிரிக்கெட் பழக்குவது

அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் டாக்டர், கல்லூரிக்கு ஒரு பருவம் படிக்க வந்தவர், கல்யாணம் ஆகி வந்த வெளிநாட்டு மருமகன் என்று கிரிக்கெட்டே பார்த்திராத ஒருவர் மதுரையில் எப்போதும் இருப்பார். தெருவில் பையன்கள் கத்துவதைக் கேட்டு "இது என்ன ஆட்டம்?" என்பார். நம் ஆட்கள் உடனே அவரை உட்காரவைத்து டெஸ்ட், ஒருநாள், டி20, எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்து அவுட் ஆவது) என்று பாடம் எடுப்பார்கள். பத்தாவது நிமிடம் அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். விதி புரிந்ததால் யாருக்கும் இந்த ஆட்டம் பிடித்ததில்லை. பேட்டில் ஒரு பந்து நன்றாகப் பட்டுவிட்டால், விதியை அவரே கேட்டு வருவார்.

வெயில் காலத்தில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடியுங்கள். இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். குளிர்நாட்டுக்காரர் பதினொரு மணி வெயிலில் இரண்டு ஓவர் ஓடினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு லிட்டர் கையோடு இருக்கட்டும். ஜிகர்தண்டாவை ஆட்டம் முடிந்தபின் வாங்கிக் கொடுங்கள். வைகைப் படுகையில் ஆடுவதானால் கெட்டியான தரையாகப் பாருங்கள். பொலபொலவென்ற மணலில் பந்து எழும்பாது. சித்திரையில் அழகருக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அந்த இடமும் போச்சு. தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில் அதற்குள்ளேயே ஆடினார்கள். இப்போது தண்ணீர் நிற்கிறது, அதற்காக வருத்தப்படவும் முடியாது.

டென்னிஸ் பந்து போதும். எடை 60 கிராமுக்குள்தான் இருக்கும். தோல் பந்து 156 முதல் 163 கிராம். வெறும் கையில் அதைப் பிடிக்கப் போய் விரல் வீங்கினால், காதல் அன்றோடு முடிந்தது. பேஸ்பால் ஆடிப் பழகியவர்தான் இதில் அதிகம் மாட்டுவார், கையில் க்ளவுஸ் இருக்கிற நினைப்பில் நீட்டிவிடுவார். பந்து கைக்கு வரும் நேரத்தில் இரண்டு கையையும் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விறைப்பாக நீட்டிய கையிலிருந்து பந்து தெறித்து ஓடும்.

பிட்ச்சின் முழு நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். புதியவருக்கு 16 தப்படி போதும். ஸ்டம்புக்கு நாலடி முன்னால் கோடு போடுங்கள். சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைவதானால் 28 அங்குல உயரம், 9 அங்குல அகலம். நம் தெருச் சுவர்களில் அது நெஞ்சு வரை வளர்ந்திருப்பதால்தான் தினமும் சண்டை.

பேட்டைத் தரையில் குப்புறப் போட்டு, விறகு பிளக்கக் கோடாரியை எடுப்பதுபோல் எடுக்கச் சொல்லுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை மேலே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடம் இரு கையிலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பிடி சரி. எட்டுத் தப்படி தள்ளி நின்று, கையைத் தாழ்த்தி மெதுவாகப் போடுங்கள். முதல் ஆறு பந்து அவர் இஷ்டம், சுத்தட்டும். அடுத்த பன்னிரண்டும் டொக்கு (வீசாமல் தடுத்து ஆடுவது) மட்டும். இங்கே வருவது ஒரே தப்பு: பேட்டைப் படுக்கவைத்து வீசுவது. பந்து தரையில் பட்டு எழும்புவதால், படுத்த பேட்டுக்கு அது சிக்குவது ஒரே ஒரு உயரத்தில்தான். பேட் நிமிர்ந்து வந்தால் பந்து தாழ வந்தாலும் உயர வந்தாலும் எங்காவது படும். இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள், சும்மா "நேரா ஆடு" என்றால் ஏறாது.

ஓட்டத்தில் இரண்டு விஷயம். அடித்தால் ஓடியே ஆகவேண்டும் என்பதில்லை. பேஸ்பால்காரருக்கு இது நம்பவே முடியாத சலுகை. ஓடும்போது பேட்டைத் தூக்கிப் போடக் கூடாது. கையிலேயே வைத்து, கடைசி இரண்டு தப்படியில் தரையோடு தேய்த்து நீட்டவேண்டும். கோட்டின் மேல் இருந்தால் அவுட், கோட்டைத் தாண்டினால்தான் தப்பித்தார். கூப்பிட மூன்று வார்த்தை போதும்: "வா", "வேணாம்", "நில்லு". தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். அவர் வாயில் வரும் முதல் தமிழ் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பந்து வீசுவதுதான் கஷ்டம். ஓடி வரவேண்டாம். பக்கவாட்டில் நின்று, இடக்கையை இலக்கு நோக்கி உயர்த்தி, வலக்கையைக் காற்றாடிபோல் ஒரு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டி வரும்போது பந்தை விடவேண்டும். பந்து தலைக்கு மேல் போனால் சீக்கிரம் விட்டிருக்கிறார்; காலடியில் குத்தினால் தாமதம். முழங்கை மடங்கினால் மாங்கா, அதாவது வீச்சு இல்லை, எறிதல். அதற்கு மருந்து: பந்தில்லாமல், வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்று இருபது சுற்று. கை மடங்கினால் முழங்கை சுவரில் இடிக்கும், அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதல் நாளுக்கு மூன்று அவுட் போதும்: போல்டு, கேட்ச், ரன் அவுட். தெருச் சட்டங்களைத் தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட், வீட்டுக்குள் விழுந்தால் அவுட், பாதியில் முடிக்கும் பேபி ஓவர், இரண்டு பக்கமும் ஆடும் காமன் ஆள், இதெல்லாம் டிவியில் வராது. சொல்லாமல் விட்டால், சேப்பாக்கத்தில் ஒரு குத்துக் குத்திய பந்தை ஒரு கையால் பிடித்ததற்கு ஏன் அவுட் கொடுக்கவில்லை என்று கேட்பார்.

மேட்ச் காட்டும்போது முதல் பந்திலிருந்து காட்டாதீர்கள். டி20 ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸ், பதினோராவது ஓவரிலிருந்து ஆரம்பியுங்கள். 60 பந்தில் 85 வேண்டும் என்றால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். 143/4 என்றால் ஓட்டம் முன்னால், விக்கெட் பின்னால். ஆஸ்திரேலியர்கள் மட்டும் திருப்பிப் போடுவார்கள். நேரில் பார்க்க டிஎன்பிஎல் (தமிழ்நாட்டு ஊர் அணிகளின் டி20 போட்டி) நல்லது. நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் ஆட்டம் வைத்தால் மதுரையிலிருந்து மாலையில் கிளம்பினாலே போதும். மதுரை பாந்தர்ஸ் 2018-ல் இறுதியாட்டத்தில் திண்டுக்கல்லைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியதைச் சொல்லிவிடுங்கள், எந்தப் பக்கம் கத்துவது என்ற குழப்பம் இருக்காது.

இப்போது எல்பிடபிள்யூ. வாயால் விளக்கவேண்டாம், டிவியில் ரிவியூ (அம்பயர் தீர்ப்பைத் திரையில் மறுபடி பார்ப்பது) வரும்வரை காத்திருங்கள். திரை மூன்று கேள்வி கேட்கும். பந்து எங்கே குத்தியது? லெக் ஸ்டம்புக்கு (பேட்ஸ்மேனின் முதுகுப் பக்க ஸ்டம்ப்) வெளியே என்றால் அங்கேயே நாட் அவுட். காலில் எங்கே பட்டது? ஆஃப் ஸ்டம்புக்கு (முன்பக்க ஸ்டம்ப்) வெளியே பட்டு, பேட்ஸ்மேன் ஆட முயன்றிருந்தால் நாட் அவுட். தடுக்காவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா? மூன்று ரிவியூ பார்த்தபின் நாலாவதற்கு நீங்கள் பேசாமல் இருங்கள், அவரே தீர்ப்புச் சொல்லட்டும். "அம்பயர்ஸ் கால்" (நூலிழை வித்தியாசமானால் அம்பயர் சொன்னதே நிற்பது) பற்றிக் கேட்டால் டீ சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள், நேரமாகும்.

அடுத்த மேட்ச்சுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ஸ்கோர் எழுதவையுங்கள். ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி, விக்கெட்டுக்கு டபிள்யூ, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் கூட்டல். கணக்கு உதைத்தால் முதலில் வைடைப் (பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் விலகிப் போன பந்து) பாருங்கள்: அணிக்குச் சேரும், பேட்ஸ்மேனுக்குச் சேராது, ஆறு பந்துக் கணக்கிலும் வராது.