வால்ஷார்ட்ஸ் வால்வு கியர்: கோளாறை டெட் சென்டரில் பிடிப்பது எப்படி?

இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புகைபோக்கியில் நான்கு ‘சக்’ கேட்கும். நான்கும் சீராக விழவில்லை என்றால் சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வு சரியான நேரத்தில் நகரவில்லை என்று பொருள்; பலர் உடனே கைவைப்பது வால்வை நகர்த்தும் தண்டான வால்வு ஸ்பிண்டிலில். அது கடைசி வேலை.

பெல்ஜியத்துக்காரர் எகீட் வால்ஷார்ட்ஸ் 1844-இல் உருவாக்கிய இந்த கியர், அதாவது வால்வை இயக்கும் இணைப்பு, இந்திய ரயில்வேயின் டபிள்யூ.பி., ஒய்.பி. எஞ்சின்களிலும் இருந்தது. வால்வுக்கு இரண்டு அசைவுகள் வந்து சேர்கின்றன. மெயின் கிராங்குக்கு ஏறக்குறைய 90 டிகிரி தள்ளி நிற்கும் ரிட்டர்ன் கிராங்க், எக்ஸென்ட்ரிக் ராடு மூலம் எக்ஸ்பான்ஷன் லிங்கை ஆட்டுகிறது. லிங்கின் பள்ளத்தில் நகரும் கட்டையான டை பிளாக் நிற்கும் இடத்தைப் பொறுத்து திசையும், கட்-ஆஃபும் (நீராவி வரத்து நிற்கும் இடம்) மாறும். மற்றது கிராஸ்ஹெட்டிலிருந்து (பிஸ்டன் ராடின் முனையில் முன்பின் ஓடும் பாகம்) காம்பினேஷன் லீவர் வழியாக வருவது. லேப் (நடுநிலையில் வால்வு நீராவித் துளையைத் தாண்டி மூடியிருக்கும் அளவு), லீட் (ஸ்ட்ரோக் தொடங்கும்போதே துளை திறந்திருக்கும் அளவு) இரண்டுக்குமான அசைவைத் தருவது அதுதான். டபிள்யூ.பி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம், 28 அங்குலம். லேப்பும் லீடும் சேர்த்து 1¾ அங்குலம் என்று வைத்தால், வால்வு அதில் இரு மடங்கு, 3½ அங்குலம் நகர வேண்டும்; 28-ஐ அதனால் வகுத்தால் லீவர் விகிதம் 8-க்கு 1.

சோதனைக்கு முன் தேய்ந்த பின்களையும் (இணைப்பு ஊசிகள்) புஷ்களையும் மாற்றிவிடுங்கள். லொடலொடக்கும் கியரில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. எஞ்சின் தன் ஸ்பிரிங்குகள் மேல் வழக்கமான உயரத்தில் நிற்க வேண்டும். சிலிண்டர் காக்குகள் (வடிகால் குழாய்த் திறப்புகள்) திறந்திருக்கட்டும்.

டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் ஸ்ட்ரோக்கின் முனையில் நிற்கும் நிலையை, கண்ணால் மதிப்பிடாதீர்கள். அந்த இடத்தில் சக்கரம் கணிசமாகத் திரும்பினாலும் கிராஸ்ஹெட் அசைவது தெரியாது. ஸ்ட்ரோக் முடிய ஓர் அங்குலம் இருக்கும்போது கிராஸ்ஹெட்டிலும் சக்கர விளிம்பிலும் கோடு போடுங்கள். டெட் சென்டரைத் தாண்டி, கிராஸ்ஹெட் அதே கோட்டுக்குத் திரும்பியதும் சற்றுத் தாண்டிப் போய், பின்வாங்கி அதே கோட்டில் நிறுத்தி, விளிம்பில் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டெட் சென்டர்.

அங்கே நிறுத்தி, டை பிளாக்கை நகர்த்தித் திசை மாற்றும் ரிவர்சரை முழு முன்னோக்கிலிருந்து முழுப் பின்னோக்குக்குத் தள்ளுங்கள். வால்வு ஸ்பிண்டில் அசையவே கூடாது. அசைந்தால் லிங்க் நடுநிலையில் இல்லை. முன், பின் இரண்டு டெட் சென்டரிலும் லிங்க் ஒரே பக்கம் சாய்ந்தால் எக்ஸென்ட்ரிக் ராடு நீளம் தவறு. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் ரிட்டர்ன் கிராங்க் திரும்பியிருக்கிறது. இரண்டும் கலந்தும் வரும். அப்போது கிராங்கை முதலில் சரிசெய்வது நல்லது.

இதெல்லாம் முடிந்த பிறகே ஸ்பிண்டில். இரு டெட் சென்டரிலும் லீட் அளந்து, வித்தியாசத்தில் பாதி மட்டும் நகர்த்துங்கள். முழுதாக நகர்த்தினால் கோளாறு அப்படியே மறுமுனைக்குப் போகும்.