அப்கிரேடுக்குப் பிறகு லாகினிலேயே சுற்றும் லினக்ஸ்: ஃபார்மேட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

உபுண்டுவையோ மின்ட்டையோ புதிய பதிப்புக்கு ஏற்றியாயிற்று. கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் திரை ஒரு நொடி கறுக்கிறது, கர்சர் ஒருமுறை மின்னுகிறது, மறுபடி அதே லாகின் திரை. "ஃபார்மேட் அடிச்சிரலாம்" என்று யாராவது சொல்வதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவரின் பிராஜெக்ட்டோ, டவுன் டிடிபி கடையின் பத்திரிகை டிசைன்களோ எதுவும் அழியவில்லை. எல்லாம் வட்டில் அப்படியே இருக்கிறது.

கடவுச்சொல் தப்பாக இருந்தால் லாகின் திரை அதைச் சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தால் கடவுச்சொல் சரி. அதற்குப் பிறகு டெஸ்க்டாப் கிளம்பும்போதுதான் விழுகிறது. அது எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதே இங்கு வேலை. (தப்பு என்று சொன்னால், திரையின் மூலையில் விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்பது) என்றால் எஸ், யு, டி, ஓ. குழம்பக்கூடியவை: ஏபிடி apt, டிஎஃப் df, ஜர்னல்சிடிஎல் journalctl, டிபிகேஜி dpkg, சுபுண்டு xubuntu, ஆட்யூசர் adduser, டெல்யூசர் deluser, சிஎச்ஓன் chown, டிஎம்பி tmp. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறோம்.

1. எழுத்துத் திரைக்குப் போங்கள்

லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர வேண்டும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது, அது இயல்பு. இங்கே நம்லாக் பெரும்பாலும் அணைந்திருக்கும் என்பதால் எண்களை மேல்வரிசை விசைகளில் தட்டுங்கள்.

உள்ளே போனதும் கோப்புகளைப் பார்த்தால், தமிழில் பெயர் வைத்தவை கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

2. இடம் இருக்கிறதா?

டிஎஃப் -எச்

கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு போட்ட வரிக்கு நேராக 100% என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அப்கிரேடு பல ஜிபி பொதிகளை (நிரல் தொகுப்புகளை) இறக்கி வைக்கிறது. டெஸ்க்டாப் கிளம்பும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

சுடோ ஏபிடி கிளீன்
சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ்
சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கியூம்-சைஸ்=100எம்

கடைசி எம் பெரிய எழுத்து. இவற்றில் எதுவும் உங்கள் கோப்புகளைத் தொடாது. ஒரு ஜிபியாவது காலியானதும் 'சுடோ ரீபூட்' கொடுத்துப் பாருங்கள்.

3. பாதியில் நின்ற அப்கிரேடு

நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர், தென்காசிப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் பொதிகள் பிரிந்து, அமைக்கப்படும் முன்பே மின்சாரம் போனால் பாதி புதுசு, பாதி பழசு என்று நிற்கும்.

சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சுடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சுடோ ஏபிடி அப்டேட்
சுடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் கட்டளைக்கு இணையம் தேவையில்லை, அடுத்தவற்றுக்கு வேண்டும். எழுத்துத் திரையில் வைஃபையோடு மல்லுக்கட்டுவதைவிட, போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்வது சுலபம். பெரும்பாலும் தானாகவே இணைந்துவிடும். நடுவில் ஒரு அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், வெறும் என்டர் அழுத்துங்கள், பழையதே இருக்கும். "லாக்" கிடைக்கவில்லை என்று வந்தால் வேறொரு அப்டேட் பின்னால் ஓடுகிறது. பொறுங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், அது இன்னும் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சில சமயம் அப்கிரேடு முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக டெஸ்க்டாப்பையே கழற்றிவிட்டிருக்கும். 'சுடோ ஏபிடி இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' கொடுத்தால் விட்டுப்போனவை திரும்ப வரும். சுபுண்டு என்றால் சுபுண்டு-டெஸ்க்டாப்.

4. புதுப் பயனர் சோதனை

இன்னும் சரியாகவில்லையா? இனிக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் அழிக்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சுடோ ஆட்யூசர் டெஸ்ட்

கடவுச்சொல் கேட்கும், பெயர் விவரம் கேட்கும், கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தி லாகின் திரைக்குத் திரும்பி டெஸ்ட் பெயரில் நுழையுங்கள். மின்ட்டில் எஃப்7 ஆக இருக்கலாம். டெஸ்ட் உள்ளே போய்விட்டால் லினக்ஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில். அதுவும் திரும்பி வந்தால் கோளாறு அமைப்பில். 6-ஆம் படிக்குப் போங்கள்.

5. கோளாறு ஹோம் ஃபோல்டரில் என்றால்

எல்எஸ் -ஏ -எல்

மூன்றாம், நான்காம் பத்திகளில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். முதலில் இருக்கும் புள்ளி மட்டும் போட்ட வரியிலோ, .எக்ஸ்அத்தாரிட்டி, .கேஷ், .கான்ஃபிக் வரிகளிலோ 'ரூட்' (நிர்வாகிக் கணக்கு) என்றிருந்தால் அதுதான் குற்றவாளி. சுடோ போட்டு ஒரு ஜன்னல் நிரலைத் திறந்தால் இப்படி ஆகிவிடுவதுண்டு. பயனர் பெயர் குமார் என்று வைத்துக்கொண்டால்:

சுடோ சிஎச்ஓன் -ஆர் குமார்:குமார் /ஹோம்/குமார்

ஆர் பெரிய எழுத்து. முதல் சாய்கோட்டுக்குப் பின்னால் தவறிப்போய் இடைவெளி விட்டால் முழுக் கணினியின் உரிமையும் மாறிப்போகலாம். என்டர் தட்டும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

உரிமை சரியாகவே இருந்தால், .எக்ஸ்அத்தாரிட்டி (.Xauthority; எக்ஸ் பெரிய எழுத்து) கோப்புக்கு எம்வி கட்டளையால் (எம்வி, பழைய பெயர், புதுப் பெயர் என்ற வரிசையில்) வேறு பெயர் வையுங்கள். அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும். ஜினோம் டெஸ்க்டாப் (உபுண்டுவில் வழக்கமாக வருவது) என்றால் அடுத்த சந்தேகம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது அதில் சேர்த்த துணை நிரல்கள். பழைய ஜினோமுக்கு எழுதியவை புதியதில் முறிவது வழக்கம். .லோக்கல்/ஷேர்/ஜினோம்-ஷெல் உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டருக்கும் பெயரை மாற்றிப் பாருங்கள்.

கடைசி முயற்சியாக .கான்ஃபிக் முழுவதற்கும் பெயர் மாற்றலாம். ஆனால் குரோமின் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப் வந்ததும் கூகுள்-குரோம் ஃபோல்டரை மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் போடுங்கள். பெயர்தான் மாற்ற வேண்டும், அழிக்கக் கூடாது.

6. கோளாறு அமைப்பில் என்றால்

முதலில் ஒரு சின்ன விஷயம். 'எல்எஸ் -எல்டி /டிஎம்பி' (ls -ld /tmp) கொடுத்தால் வரும் முதல் எழுத்துக் கோவை டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, இன்னொரு டி-யில் முடிய வேண்டும்: தொடக்கம் டாக் (நாய்) என்பதன் டி, முடிவு டேபிளின் டி. இல்லையென்றால் 'சுடோ சிஎச்மோட் 1777 /டிஎம்பி'.

அடுத்தது என்விடியா கிராபிக்ஸ் கார்டு. புதிய கெர்னலுக்கு (லினக்ஸின் மையக்கரு) ஏற்ப டிரைவர் கட்டப்படாவிட்டால் டெஸ்க்டாப் எழாது. கணினி கிளம்பும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, எதைக் கிளப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஒரு பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால் சந்தேகம் உறுதி. உபுண்டுவில்:

சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்

மிகப் பழைய கார்டுகளுக்கு இது உதவாது. அவற்றுக்கான 390 வரிசை டிரைவருக்கு என்விடியாவே 2022 இறுதியில் ஆதரவை நிறுத்திவிட்டது. 'சுடோ ஏபிடி பர்ஜ் 'என்விடியா-*'' கொடுத்து நீக்கிவிட்டு ரீபூட் செய்தால் கெர்னலோடு வரும் நூவோ டிரைவர் எடுத்துக்கொள்ளும். டிடிபி வேலைக்கு அது போதும்.

என்விடியா இல்லாத கணினியில், பெயரைச் சொடுக்கியபின் வலது கீழ் மூலையில் வரும் பல்சக்கரத்தில், டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் புது முறையான வேலண்டை விட்டு, பழைய முறையான எக்ஸார்க் தேர்ந்து பாருங்கள். உபுண்டு 25.10 முதல் ஜினோமுக்கு அந்தத் தேர்வு கிடையாது.

எல்லாம் சரியானபின் டெஸ்ட் கணக்கு தேவையில்லை:

சுடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் டெஸ்ட்