முழங்கால் மாற்றியபின் ஊருக்குப் போகிறவர்களுக்கு

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து தடியில்லாமல் நடக்கத் தொடங்கியதுமே, பலருக்கு யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வர ஆசை வந்துவிடும். தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் 3 மாதம் நீண்ட விமானப் பயணம் வேண்டாம். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிபடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். பயணத் திகதியை உங்கள் வைத்தியரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள். விமான நிலையத்தில் கருவி சத்தம் போடும். முழங்காலில் உலோகம் இருக்கிறதென்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

பயணத்தைவிடப் பெரிய சோதனை ஊர் வீடுதான். மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரைதான் மடங்கும். குந்தியிருக்க அதைவிடக் கூட வேண்டும். ஆகவே புறப்படமுன் தொலைபேசியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "கொமட் இருக்கோ?" இல்லையென்றால் கொமட் கதிரை ஒன்று வாங்கிவைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

விறாந்தையில் இருக்கும் சாய்மனைக் கதிரையில் தயவுசெய்து இருக்காதீர்கள். துணி தொய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். எழும்ப இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கவேண்டிவரும், அந்த இழுவையில்தான் கால் பிசகும். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் சரியாக இருக்கும். செத்தவீட்டிலும் பாயில் இருக்கவேண்டாம், கதிரை கேளுங்கள். ஒருவரும் குறைநினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சொந்தங்களின் அன்பு. "நீங்கள் அசையாதேங்கோ, நாங்கள் கொண்டுவாறம்" என்று தேத்தண்ணியிலிருந்து சோறுவரை இருந்த இடத்துக்கே வரும். இரண்டு கிழமை அப்படியே இருந்தால், மாதக்கணக்கில் பயிற்சி செய்து மடக்கிய கால் மறுபடி இறுகிவிடும். மணிக்கொருதரம் எழும்பி முற்றத்தில் நடவுங்கள். காலையில் கட்டிலில் படுத்தபடியே குதிக்காலை இழுத்து மடக்கும் பயிற்சியை விடவேண்டாம். பின்னேரம் வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்கள்வரை அந்த வீக்கம் வந்துபோகும்.

கொழும்பிலிருந்து ரயிலில் போனால் பெட்டிப் படி உயரம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில். கிணற்றடியில் குளிக்க ஆசைதான். பாசி பிடித்த சீமெந்தில் ஒரு சறுக்கல் போதும், எல்லாம் கெட்டுவிடும். வாளியில் தண்ணீர் எடுத்து, குளியலறையில் கதிரையில் இருந்து குளியுங்கள்.

நல்லூரில் 25 நாள் திருவிழா. தேர், தீர்த்த நெரிசலை விட்டு, சாதாரண நாளொன்றில் வெயில் ஏறமுன் போங்கள். வெறுங்காலுடன் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், நீரிழிவுக்காரர் கட்டாயம். சிறு காயத்தில் ஏறும் கிருமி இரத்தத்தோடு போய்ச் செயற்கை மூட்டில் தங்கிவிடலாம். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் நொந்து வீங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.